பழைய சவரச் சோப்பு வாங்குகிறவர்கள் கவனத்திற்கு

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பழம்பொருள் கடையில், "1960களில் இங்கிலாந்திலிருந்து வந்தது, பிரிக்காத சரக்கு" என்று சொல்லி 85 வெள்ளிக்கு, பீங்கான் குவளையில் இருக்கும் ஒரு சவரச் சோப்பை என் தலையில் கட்டினார்கள். குவளை பழையதுதான். அதற்குள் இருந்தது சவரச் சோப்பே அல்ல. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். "காற்றுப் பட்டால் மதிப்புப் போய்விடும் அண்ணே" என்று மறுத்துவிட்டார் கடைக்காரர். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில், 2017 ஜூலையில் அதை மூடும்வரை, எதையும் பிரித்துப் பார்த்து, முகர்ந்து, அதன் பிறகுதான் பேரம் பேசுவோம். இங்கே முகர்வதற்கும் தடை.

நுரை நிற்கவில்லை என்று திரும்பப் போனதும் அவருடைய குரல் மாறியது. "பழைய சோப்பில் நுரை எழுப்ப ஒரு கைப்பக்குவம் வேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லை." இந்த மோசடியின் சாமர்த்தியமே இந்தப் பதில்தான். பழைய சோப்பு உண்மையிலேயே முரண்டு பிடிக்கும் என்பதால், வாங்கியவர் தன் கையைத்தான் சந்தேகிப்பார்.

அந்தப் பக்குவம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் கிடந்த சோப்பின் மேல்பரப்பு ஈரம் வற்றி இறுகியிருக்கும். அதை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரை ஒரு கரண்டி ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். மிகவும் இறுகியிருந்தால் இரவு முழுவதும். பன்றிமுடி பிரஷ்ஷாக இருந்தால் அதையும் ஊறவைத்து, நன்றாக உதறிவிட்டு, சோப்பின் மேல் ஒரு நிமிடமாவது சுழற்ற வேண்டும். புதிய சோப்புக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாகவே சுழற்றுங்கள். முடிமீது பசைபோல் கெட்டியாக ஏறிய பிறகு, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்துக் கலக்கினால் தயிரைப் போன்ற நுரை வரும். வாசனை போயிருக்கலாம், நுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆரஞ்சுப் புள்ளிகளும் கெட்டுப்போன எண்ணெய் வாடையும் இருந்தால் கொழுப்புச் சிக்குப் பிடித்துவிட்டது என்று பொருள். அதை முகத்தில் போட வேண்டாம்.

இத்தனையும் செய்தேன். வந்ததெல்லாம் பெரிய பெரிய குமிழிகள். கன்னத்தில் பூசி ரேஸரை எடுப்பதற்குள் வடிந்துவிட்டன. கடைக்காரர் அடுத்துத் தண்ணீரைக் குறை சொன்னார். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லியிருந்தால் நம்பலாம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திப்பியாகிவிடும். சிங்கப்பூர்க் குழாய்நீர் அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் வாய்ப்பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது என்று காய்ச்சி வடித்த நீரிலும் செய்து பார்த்தேன். அதே குமிழி, அதே வடிதல்.

காரணம் எளிது. சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் நிறைய இருக்கும். அதோடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் செய்த சோப்பும் கலந்திருக்கும். நெருக்கமாக எழுந்து நெடுநேரம் நிற்கும் நுரை இவற்றால்தான் வருகிறது. சாதாரணக் குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் சோப்பு; அதில் அப்படிப்பட்ட நுரை எழாது. என் குவளையில் இருந்தது உருக்கி ஊற்றிய கிளிசரின் குளியல் சோப்புக் கட்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவியது, குவளையின் சுவரோடு இடைவெளியின்றி ஒட்டியிருந்தது. அந்தக் காலத்துக் குவளைச் சோப்புகளில் பல, அரைத்து அழுத்திய வட்டக் கட்டிகள். வெள்ளையாக, ஒளிபுகாமல், கல்போல் இருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். என்னிடம் "அசல் மாட்டுக்கொழுப்பு" என்று பெருமையாகச் சொன்னவர், சைவம் சாப்பிடும் என் நண்பரிடம் அதே வகைக் குவளையை "முழுக்கத் தாவர எண்ணெய்" என்று விற்க முயன்றிருக்கிறார். பழைய சவரச் சோப்புகள் பலவற்றில் மாட்டுக்கொழுப்பு இருந்தது உண்மை. தவிர்ப்பவர்கள் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

அட்டைப்பெட்டியின் அடியிலிருந்த விலைச்சீட்டை உரித்தால் பார்கோடு! கடையில் விற்ற ஒரு பொருளின் பார்கோடு முதன்முதலில் ஸ்கேன் செய்யப்பட்டதே 1974இல், அமெரிக்காவின் ஒஹாயோவில். இதைக் காட்டியும் "பழைய பொருளுக்குப் பணம் திரும்பத் தருவதில்லை" என்றார்.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் என் ரசீதில் "பழைய பொருள் 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நீங்கள் வாங்கும்போது "சவரச் சோப்பு" என்பதையும் அவர் சொல்லும் காலத்தையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் குவளையை அவரிடமே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.