மட்டு அசமன்பாடு: பிரிப்பதா, தூரம் பார்ப்பதா, வர்க்கமாக்குவதா?

|அ − 3| < 5. நிமிர்ந்த இரு கோடுகள்தான் மட்டுக் குறி: உள்ளே உள்ள எண்ணின் +, − குறியை விட்ட அளவு. இதைக் கண்டதும் கை தானாகவே இரண்டு வரி எழுதும்: அ − 3 < 5, அ − 3 > −5. விடை −2 < அ < 8. சரிதான். ஆனால் இரண்டாவது வரியில் குறி ஏன் திரும்பியது என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

தூரமாகப் பார்த்தால் குறியைத் திருப்பும் வேலையே கிடையாது. |அ − 3| என்பது எண்கோட்டில் அ-வுக்கும் 3-க்கும் உள்ள தூரம். அது 5-ஐ விடக் குறைய வேண்டும், அவ்வளவுதான். 3-இல் விரலை வைத்து இரு பக்கமும் ஐந்து தாண்டினால் −2, 8. அந்த இரண்டிலும் வெற்று வட்டம் (அவை விடையில் சேராது), நடுவே நிழல். விடையோடு படமும் வந்துவிட்டது. < என்பது ≥ ஆனால் வட்டங்களை நிரப்பி, நிழலை வெளிப்பக்கம் ஓடவிடுங்கள்: அ ≤ −2 அல்லது அ ≥ 8. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான். 8 ≤ அ ≤ −2 என்று எழுதிவிடுவார்கள். எட்டுக்குக் குறையாமலும் −2-ஐத் தாண்டாமலும் ஓர் எண் எப்படி இருக்கும்?

|2அ + 6| ≤ 10 போல அ-வுக்கு முன்னால் கெழு இருந்தால் அதை வெளியே எடுங்கள். 2|அ + 3| ≤ 10, அதாவது |அ + 3| ≤ 5. மையம் −3, விடை −8 முதல் 2 வரை. மையத்தை +3 என்று வைப்பதுதான் இம்முறையில் வழக்கமாக நேரும் பிழை.

வலப்பக்கமும் அ இருந்தால் தூரம் பார்ப்பது அவ்வளவாக உதவாது. |அ − 1| < 2அ − 5 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமாக்கினால் அ² − 6அ + 8 > 0 கிடைக்கும். அ < 2 அல்லது அ > 4. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி பொய். அ = 0 போட்டுப் பாருங்கள்: 1 < −5! வலப்பக்கம் குறை எண்ணாகலாம் என்பதை மறந்து வர்க்கமாக்கியதால் வந்த வினை. இந்த மாதிரிக் கணக்குக்கு நான் பிரித்துச் செய்வதையே, அதாவது மட்டுக்குள் இருப்பது குறை எண்ணா இல்லையா என்று தனித்தனியாகப் பார்ப்பதையே நம்புகிறேன். அ ≥ 1 என்றால் அ − 1 < 2அ − 5, எனவே அ > 4. அ < 1 என்றால் 1 − அ < 2அ − 5, எனவே அ > 2. இது நிபந்தனைக்கே முரண், தள்ளிவிடலாம். அ > 4 மட்டுமே மிச்சம். சந்தேகம் இருந்தால் V வடிவ வரைபடத்தையும் நேர்கோட்டையும் ஒன்றாக வரையுங்கள். 4-இல் ஒரே ஒருமுறைதான் வெட்டிக்கொள்ளும்.

அப்புறம் வர்க்கமாக்குவது எதற்கு? இரு பக்கமும் மட்டு இருக்கும்போது அது பத்திரமானது, ஏனென்றால் எந்தப் பக்கமும் குறை எண் ஆகாது. |அ − 1| < |அ + 3| என்பதில் அ² அடிபட்டுப் போய் அ > −1 என்று முடியும். ஆனால் இதிலும் தூரம் முந்திக்கொள்கிறது. −3-ஐ விட 1-க்கு அருகில் இருக்கும் எண்கள் எவை? நடுப்புள்ளி −1-க்கு வலப்பக்கம் உள்ளவை. ஒரே வரி.

|அ + 7| < −2 என்று வந்தால் எந்த முறையும் வேண்டாம். தூரம் குறை எண்ணாகாது, தீர்வு இல்லை.

கடைசியாக |அ − 1| + |அ − 4| < 5. பிரித்தால் மூன்று பகுதிகள். தூரமாகப் பார்த்தால், 1-க்கும் 4-க்கும் நடுவே எங்கு நின்றாலும் கூட்டுத்தொகை 3. வெளியே ஒரு அடி நகர்ந்தால் இரண்டு கூடும். ஆக, இரு பக்கமும் ஒவ்வோர் அடிக்குள்தான் இடம்: 0 < அ < 5.