தற்காலிகக் கேப்பைப் போட்டுவிட்டு முழுக் காசு வாங்கினார்கள்: பல்லுக்குக் கேப் போட இருப்பவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பல்லுக்குக் கேப் (சீவிய பல்லை முழுதாக மூடும் உறை) போட இருப்பவர்களும், அண்மையில் போட்டவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். என் அம்மாவின் கடைவாய்ப்பல்லில் வெறும் தற்காலிகக் கேப்பை ஒட்டிவிட்டு, இதுதான் நிரந்தரக் கேப் என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம். அந்தப் பல்லே இன்று அம்மாவின் வாயில் இல்லை. சரியான கேப் போட்டிருந்தால் இன்னும் பல வருடங்கள் இருந்திருக்கக்கூடிய பல் அது.

கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் என்ன செய்தார்கள் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு இடங்களிலும் இதே மாதிரி நடக்கலாம்.

அம்மாவுக்குக் கீழ்வாயில் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லில் பெரிய சூத்தை. வேறொரு டொக்டரிடம் ரூட் கனால் செய்தோம். அவர் மிகவும் கவனமாகச் செய்தார், கொதியும் நின்றது. முடிந்ததும், “நரம்பு எடுத்த கடைவாய்ப்பல்லை அப்படியே விடக்கூடாது அம்மா, கெதியாகக் கேப் போட்டுக்கொள்ளுங்க” என்று சொன்னார். அது உண்மைதான். சூத்தைக்காகவும் நரம்பு எடுப்பதற்காகவும் பல்லின் நடுப்பகுதியைக் குடைந்த பிறகு சுற்றுச் சுவர் மட்டுமே மிஞ்சும். எலும்பைக் கடித்தால் நடுவே பிளந்துவிடும். அவருக்கு இடமாற்றம் வந்து போய்விட்டதால், டவுனில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். சிர்கோனியா என்ற கடினமான வெள்ளைச் செராமிக்கில் செய்த கேப், பல வருடம் தாங்கும் என்று சொன்னார்கள். விலையையும் சொன்னார்கள். ஒத்துக்கொண்டோம்.

அன்று வெளியூரிலிருந்து வரும் ஒரு டொக்டர் பல்லைச் சீவிவிட்டு எழுந்து போய்விட்டார். பிறகு வந்தது உதவியாளர் தம்பி. ஒரு தூளையும் ஒரு திரவத்தையும் சின்னக் கிண்ணத்தில் குழைத்தார். மூக்கில் ஏறும் மணம். அதைப் பல்லின் மேல் அமுக்கிப் பிடித்தார். வாய்க்குள் சூடு ஏறியதென்றும் முரசு எரிந்ததென்றும் அம்மா சொன்னார். கழற்றி ஓரத்தைத் தேய்த்து, கராம்பு மணக்கும் ஒரு பசையால் ஒட்டிவிட்டார். “மகன், இதுதானா கேப்? வேற நாள் வரச் சொல்ல மாட்டீங்களா?” என்று அம்மா கேட்டிருக்கிறார். “ஓம் அம்மா, இப்ப புது முறை. கேப் செய்யுற லாப்புக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கட வேலை முடிஞ்சுது” என்று பதில். முழுக் காசையும் அன்றே வாங்கினார்கள். பில்லில் ‘கேப் 1’ என்று மட்டும் இருந்தது.

உண்மையில் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பிறகு நாங்கள் போன டொக்டர் ஒன்றொன்றாக விளக்கினார். இதைத்தான் நீங்கள் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பல்லைச் சீவுவதற்கு முன்பே அந்தப் பல்லின் பழைய வடிவத்துக்கு ஒரு அச்சு எடுத்து வைப்பார்கள். பிறகு மேற்பக்கத்திலும் சுற்றிவரவும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவுக்குச் சீவுவார்கள். அந்த இடத்தில்தான் கேப்பின் தடிப்பு வந்து உட்காரும். சீவிய பிறகு இன்னொரு அச்சு எடுக்க வேண்டும், நிரந்தரக் கேப்புக்கு அதுதான் உயிர். பல்லும் முரசும் சேரும் விளிம்பு தெளிவாகத் தெரிவதற்காக முரசுக்குள் மெல்லிய நூல் வைத்து ஒதுக்கி, ரப்பர் போன்ற பசையால் அச்செடுப்பார்கள். சில இடங்களில் கமராவால் ஸ்கேன் பண்ணுவார்கள். மேல்வாயும் கீழ்வாயும் எப்படிக் கடிக்கிறது என்றும் பதிவு எடுப்பார்கள். பல்லின் நிறத்துக்கு மாதிரித் துண்டுகளைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இவையெல்லாம் லாப்புக்குப் போகும்.

லாப்பில் கேப் செய்து வரும்வரை, சீவிய பல்லை மூடி வைக்கத்தான் தற்காலிகக் கேப். முதலில் எடுத்த அச்சுக்குள் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் அல்லது அதுபோன்ற ஒரு பொருளை நிரப்பிப் பல்லின் மேல் வைப்பார்கள். அது இறுகும்போது சூடாகும். அதனால் முழுதாக இறுகுவதற்கு முன்பே வெளியே எடுத்து, தண்ணீரில் ஆறவைத்து, ஓரங்களைச் சீவி, மினுக்கிய பிறகே ஒட்டுவார்கள். நரம்பு உயிரோடு இருக்கும் பல்லாக இருந்தால் அந்தச் சூடே நரம்பைக் கெடுக்கலாம். ஒட்டும் பசையும் வேண்டுமென்றே பலம் குறைந்தது, ஏனென்றால் திரும்பக் கழற்ற வேண்டும். கராம்பு மணம் பல நேரம் அந்தப் பசையினுடையது. கடைசியில் நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி எங்கே உயரமாகப் படுகிறது என்று பார்த்துத் தேய்ப்பார்கள்.

நான் தற்காலிகக் கேப்பைக் குறை சொல்லவில்லை. அது அவசியமான ஒன்று. அது இல்லாமல் பல்லைச் சீவிவிட்டு வெறுமனே வீட்டுக்கு அனுப்பினால் இன்னும் மோசம். பக்கத்துப் பற்கள் அந்த வெளிக்குள் சாயும், எதிர்ப்பல் கீழே இறங்கும், பிறகு லாப்பிலிருந்து வரும் கேப் உட்காராது. ஆனால் அது சில வாரங்களுக்கு மட்டும் உரியது. பசை மெல்ல மெல்லக் கரைந்து எச்சில் உள்ளே போகும். பொருளும் தேயும். அதை வருடக்கணக்கில் வாயில் வைத்திருக்கச் சொல்வது துரோகம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே கடி உயரமாக இருந்தது. நிறத்தாள் ஒன்றும் வைத்துப் பார்க்கவில்லை. நாலு நாளில் பழகிவிடும் என்று அனுப்பினார்கள். பழகவில்லை. தாடை நோவோடு திரும்பிப் போனபோது அதே தம்பி மேற்பக்கத்தைத் தேய்த்துவிட்டார். பிறகு அந்தப் பக்கம் எதைச் சாப்பிட்டாலும் இடையில் சிக்கியது. பல் துலக்கும்போது இரத்தம் வந்தது, முரசு வீங்கிச் சிவந்தது. மஞ்சள் போட்ட கறியும் தேத்தண்ணியும் பட்டுப் பட்டுக் கேப் பழுப்பாகிவிட்டது. சிர்கோனியா அப்படிச் சாயம் பிடிக்காது. இதைச் சொல்லிப் போனபோது கிடைத்த பதில்தான் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது: “அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்குத்தானே, அதுதான் முரசு வீங்குது. சீனியைக் கட்டுப்படுத்துங்க.”

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு நோய் கூடுதலாக வரும், உண்மைதான். ஆனால் ஒரே ஒரு பல்லைச் சுற்றி மட்டும் வீங்குகிறதென்றால் அந்தப் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அம்மா அதை நம்பி, சோற்றைக் குறைத்து, விரும்பிச் சாப்பிடும் தயிரும் தேனும் விட்டு, தன் உடம்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வயதானவர்களிடம் இப்படிப் பேசுவதைப் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரூட் கனால் செய்த பல்லுக்கு நரம்பு இல்லை. கேப்புக்குள் சூத்தை ஓடினாலும் அந்தப் பல் கொதிக்காது, கூச்சம்கூட இருக்காது. அதனால் நோகவில்லை, எல்லாம் சரி என்று இருந்துவிட முடியாது. முரசில் இரத்தம், வாயில் கெட்ட மணம், சாப்பாடு சிக்குவது, கேப் லேசாக அசைவது, இவைதான் அடையாளம்.

கடைசியில் கேப்பின் மேற்பக்கத்தில் ஓட்டையே விழுந்தது. அப்புறம் வேறொரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “இது சிர்கோனியா எண்டு சொன்னாங்களா மகள்?” என்று கேட்டார். சிர்கோனியாவோ உலோகமோ எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சாதாரண அக்ரிலிக் நிழல் மாதிரிகூடச் சரியாகத் தெரியாது. அம்மாவின் எக்ஸ்ரேயில் ரூட் கனால் மருந்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அதற்கு மேல் கேப் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை எதுவும் இல்லை. கேப்பைக் கழற்ற அவருக்குப் பெரிய பாடு ஒன்றும் இருக்கவில்லை, லேசாக நெம்பியதும் வந்துவிட்டது. உட்பக்கம் கறுத்து நாறியது. ஒரு பக்கம் விளிம்பு முரசுக்குள் நீட்டிக்கொண்டு குத்தியிருந்தது, மறுபக்கம் இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் சூத்தை ஓடி, முரசுக்குக் கீழே எலும்பு மட்டம்வரை போயிருந்தது. திரும்பக் கட்டியெழுப்ப நல்ல பல் மிச்சம் இல்லை. பிடுங்க வேண்டி வந்தது.

இப்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டுமென்றால் இரு பக்கத்து நல்ல பற்களையும் சீவி அவற்றில் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் போட வேண்டும், அல்லது எலும்பில் திருகாணி போன்ற இம்பிளான்ட் வைக்க வேண்டும், அல்லது கழற்றி மாட்டும் பல். பிரிட்ஜ் நல்ல பல்லைக் கெடுக்கும், இம்பிளான்ட் எங்கள் கைக்கு எட்டாத செலவு. அம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை.

கேப்பையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். சீவிய டொக்டர் இப்போது வருவதில்லையாம். லாப்புக்கு அனுப்பிய சீட்டைக் காட்டச் சொன்னேன், அப்படி ஒன்று இல்லை. “அக்கா, பில்லில கேப் எண்டுதானே போட்டிருக்கு, சிர்கோனியா எண்டு எங்க போட்டிருக்கு?” என்று திருப்பிக் கேட்டார்கள். பில்லில் பொருளின் பெயரை ஏன் எழுதாமல் விடுகிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது. காசு திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே நீங்கள் போகும்போது, பில்லில் எந்தப் பல், எந்தப் பொருள், தற்காலிகமா நிரந்தரமா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தற்காலிகக் கேப்போடு வீட்டுக்கு அனுப்பினால் நிரந்தரக் கேப் போடும் திகதியை வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சக் காசை நிரந்தரக் கேப் வாயில் உட்கார்ந்த பிறகு கொடுப்பதாகப் பேசுங்கள், நேர்மையான இடங்கள் முற்பணத்தோடு வேலை தொடங்கும். ஒரே நாளில் நிரந்தரக் கேப் போட முடியாது என்று இல்லை. வாயைக் கமராவால் ஸ்கேன் பண்ணி, மெஷினில் செராமிக் கட்டியைக் கடைந்து செய்யும் முறை இருக்கிறது. அப்படிச் சொன்னால் அந்த மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். கிண்ணத்தில் தூள் குழைத்து வாயிலேயே வார்ப்பது அந்த முறை அல்ல.

வாய்க்குள் வேலை செய்பவர் யார் என்றும் கேளுங்கள். பல் டொக்டர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும், அவர்களுடைய முத்திரையில் பதிவு இலக்கம் இருக்கும். தனியார் கிளினிக்குகளும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்து, அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நாங்கள் மருத்துவ சபைக்குப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறோம்.

உண்மையான தற்காலிகக் கேப்போடு இருப்பவர்கள் அந்தப் பக்கம் மஸ்கட், தொதல், டொபி, முறுக்கு, எலும்பு எதையும் கடிக்காதீர்கள். நூலால் இடை சுத்தம் செய்தால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். கழன்று வந்தால் தூக்கிப் போடாதீர்கள், கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு அடுத்த நாளே டொக்டரிடம் கொண்டு போங்கள். கடைப் பசையால் நீங்களே ஒட்டப் பார்க்காதீர்கள்.

அண்மையில் ஒரே நாளில் கேப் போட்டு, பில்லில் பொருளின் பெயர் இல்லாமல் இருப்பவர்கள், நோவு இல்லாவிட்டாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தனியாரிடம் போக வசதி இல்லையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவிலோ உங்களுக்கு அருகில் உள்ள அரச வைத்தியசாலையிலோ காட்டலாம். பில்லையும் பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டு போங்கள்.