டோக்கியோ டான் கஃபே: பரிமாறுறது ரோபோ, பேசுறது மனுஷங்க

ரோபோ ஓட்டல்னாலே ட்ரேய சுமந்துட்டு டேபிள் டேபிளா போற வண்டிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஜப்பான்ல ஸ்கைலார்க் குரூப் ஓட்டல்கள்ல பூனை முகம் வச்ச அந்த மாதிரி ரோபோ ஆயிரக்கணக்குல ஓடுது. டோக்கியோவோட நிஹோன்பாஷி பகுதில இருக்கிற டான் கஃபே வேற ரகம். இங்க டேபிள் மேல ஒரிஹிமேன்னு ஒரு குட்டி வெள்ளை ரோபோ இருக்கும், அது வழியா நம்மகிட்ட பேசுறவர் எங்கயோ தூரத்துல, பலசமயம் தன் வீட்டு படுக்கையிலயே இருப்பார். ஏஎல்எஸ் (தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செயலிழக்கிற நரம்பு நோய்) மாதிரி நோயால, இல்ல முதுகுத்தண்டுல அடிபட்டு, இப்படி பல காரணத்தால வெளிய வேலைக்கு போக முடியாதவங்க இவங்க. பைலட்னு கூப்பிடுறாங்க, சம்பளம் உண்டு. கை அசையாதவங்க கண்ணாலயே ரோபோவ ஓட்டுறாங்க!

இத உருவாக்கின ஒரிலேப் கம்பெனியோட கென்டாரோ யோஷிஃபுஜி சின்ன வயசுல உடம்பு முடியாம மூணரை வருஷம் ஸ்கூலுக்கே போகாதவர். 2018ல கொஞ்ச நாள் மட்டும் நடத்தி பார்த்துட்டு 2021 ஜூன்ல நிரந்தரமா திறந்தாங்க, அந்த வருஷமே ஜப்பானோட குட் டிசைன் கிராண்ட் அவார்டும் கிடைச்சுது.

எனக்கு ரொம்ப பிடிச்சது வேலைய பிரிச்சிருக்கிற விதம். நம்ம மூஞ்சிய பார்த்து பேச்சு குடுக்கிறது, கேள்வி கேட்டா யோசிச்சு பதில் சொல்றது எல்லாம் பைலட், ரோபோ குடுக்கிறது உடம்பு மட்டும்தான். கேமரா, மைக், ஸ்பீக்கர், தலையாட்ட ஒரு கழுத்து, தூக்கி காட்ட ரெண்டு கை. முகத்த ஜப்பானோட பழைய 'நோ' நாடகத்துல போடுற முகமூடி மாதிரி எந்த உணர்ச்சியும் இல்லாம வேணும்னே செஞ்சிருக்காங்க, அதனால பைலட் சிரிச்சா அது சிரிக்கிற மாதிரி தெரியுது, அவர் சீரியஸா பேசினா அதுவும் சீரியஸாகுது. ஸ்கிரீன்ல கார்ட்டூன் கண்ண வச்சிருந்தா இது கண்டிப்பா வந்திருக்காது. சுமார் 120 செமீ உயரத்துல ஒரிஹிமே-டின்னு பெரிய ரோபோவும் இருக்கு, ட்ரேய எடுத்துட்டு மெதுவா வரும். கூடவே கஃபேலயே நேர்ல வேலை பார்க்கிற ஸ்டாஃபும் இருக்காங்க. எல்லாத்தையும் மெஷின் தலையில கட்டாம யாருக்கு எது வருமோ அத குடுத்திருக்காங்க, ஆள குறைக்கணும்னு ரோபோ வாங்குற முதலாளிங்க ஒருதடவ இங்க வந்து உக்காந்து பார்க்கணும்.

பைலட்கூட பேசணும்னா அந்த சீட்ட முன்கூட்டியே புக் பண்ணிடுங்க, ஜப்பானிய மொழி தெரியலன்னா இங்கிலீஷ் பேசுற பைலட் கிடைப்பாங்களான்னும் அப்பவே கேட்டுக்கோங்க. அவசரமா சாப்பிட்டு ஓடணும்னா வேற கடைக்கு போங்க, இங்க பேச்சுக்கு நேரம் ஒதுக்கிட்டு வரணும்.