ஆர்எக்ஸ் 100-இல் டிராக் ஓட்டம்: போரை ஏற்றுவதா, ஸ்ட்ரோக்கை ஏற்றுவதா?

பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்தில் டிராக் (drag) ஓட்டத்துக்கு, அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற போட்டிக்கு, வண்டி கட்ட நினைக்கும் பையன்கள் இன்றும் முதலில் தேடுவது யமஹாவின் டூ ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 100-ஐத்தான். 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆளை ஏற்றாமல் நிறுத்தினால் எடை சுமார் 100 கிலோ. எல்லை தாண்டினால் கோயம்புத்தூர். கிராங்க் வேலை, போரிங் வேலை தெரிந்த லேத்துக்கு அங்கே பஞ்சமில்லை. வண்டி கிடைத்த மறுநாளே வாக்குவாதம் தொடங்கிவிடும்: பிளாக்கை மாற்றிப் போரை (bore, சிலிண்டரின் உள்விட்டம்) ஏற்றுவதா, கிராங்க்கில் கைவைத்து ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) ஏற்றுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பணம் போருக்குத்தான். ஸ்ட்ரோக்கர் கிராங்க், அதாவது ஸ்ட்ரோக்கை நீட்டிய கிராங்க், நல்ல வேலைதான், ஆனால் அதன் முறை பின்னால்தான் வர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100-க்குப் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ.; 98 சி.சி. ஆர்எக்ஸ் 135-இல் ஸ்ட்ரோக் அதே 50, போர் மட்டும் 58, 132 சி.சி. ஆக, போரில் 8 மி.மீ. கூட்டினால் கொள்ளளவு சுமார் 35 சதவீதம் ஏறுகிறது. ஸ்ட்ரோக்கை 4 மி.மீ. நீட்டி 54 ஆக்கினால் 106 சி.சி.; ஏற்றம் வெறும் 8 சதவீதம். அதோடு போர் அகலமாகும்போது சிலிண்டர் சுவரின் சுற்றளவும் கூடுவதால், போர்ட்டுகளை (சிலிண்டர் சுவரில் கலவை நுழையவும் புகை வெளியேறவும் உள்ள வாசல்கள்) அகலமாக வெட்ட இடம் கிடைக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பவர் பிறக்கும் இடமே அதுதான். இதில் வேலை என்று பார்த்தால், பெரிய லைனரின் (சிலிண்டரின் உள்குழாய்) அடிப்பகுதி நுழைய கிராங்க் கேஸின் வாயை அகலப்படுத்த வேண்டும். அப்புறம் அதற்கேற்ற ஹெட், கார்புரேட்டர்.

இவ்வளவு இருந்தும் ஸ்ட்ரோக்கர் என்ற பெயருக்கு ஏன் இந்த மயக்கம்? அமெரிக்க வி8 கார்களின் புகழ்தான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய கார்வெட்டில் வந்த ஷெவர்லே 350 எஞ்சினின் போரைக் கொஞ்சம் திறந்து, 400 எஞ்சினின் கிராங்க்கைப் போட்டால் 383 கன அங்குலம் ஆகும். டிராக் ஸ்ட்ரிப்பில் பெயர் வாங்கிய சேர்க்கை அது. அங்கே அது நியாயமான வழி. வார்ப்பு பிளாக்கின் சுவரை ஓரளவுக்கு மேல் குடைய முடியாது. வால்வு திறக்கும் நேரத்தை கேம் ஷாஃப்ட் தனியாகப் பார்த்துக்கொள்ளும். கிராங்க் மாறினாலும் கேம் சொல்லும் நேரம் அப்படியே நிற்கும். நம் டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டைத் திறந்து மூடும் வால்வு பிஸ்டனேதான். ஸ்ட்ரோக்கைத் தொட்டால் நேரமும் சேர்ந்து மாறும்.

எப்படி என்றால், கனெக்டிங் ராடைத் தாங்கும் கிராங்க் பின் 2 மி.மீ. வெளியே தள்ளிப் போனால் பிஸ்டன் மேலே 2 மி.மீ., கீழே 2 மி.மீ. கூடுதலாகப் போகும். மேலே ஹெட்டில் முட்டாமல் இருக்க 2 மி.மீ. தகடு ஒன்று வைக்க வேண்டும். அதைப் பிளாக்குக்கு அடியில் வைத்தால் எக்ஸாஸ்ட் போர்ட் முன்பைவிடச் சீக்கிரம் திறந்து, தாமதமாக மூடும். பவர் உயர் ஆர்.பி.எம்.முக்குப் போய்விடும், ஸ்ட்ரோக்கர் என்றால் அடியிலேயே இழுவை வரும் என்று நம்பிச் செலவு செய்தவனுக்கு நேர் எதிரான பலன். தகட்டை ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைத்தால் எக்ஸாஸ்ட் நேரம் ஏறக்குறைய பழையபடியே நிற்கும், இழுவையும் கிடைக்கும். ஆனால் பிஸ்டனின் முகம் லைனரை விட்டு மேலே எட்டிப் பார்க்கும். தகட்டின் துளை துளிகூட நடு பிசகக் கூடாது. கீழே பிஸ்டன் ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பக்கம்) ஃப்ளைவீலில் உரசுகிறதா, வெளியே தள்ளிய பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை) கேஸில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே மூட வேண்டும்.

இதைவிடப் பெரிய சோதனை கிராங்க்கை நேராக்குவது. ஆர்எக்ஸின் கிராங்க் ஒரே துண்டு இல்லை; இரண்டு ஃப்ளைவீல், நடுவில் பின், பிரஸ்ஸில் இறுக்கியது. கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு லேத்தில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வி-பிளாக்கில் கிராங்க்கைக் கிடத்தி, டயல் கேஜை ஷாஃப்டில் தொடவிட்டு, லேத்துக்காரர் மெல்லச் சுற்றுகிறார். முள் ஆடும் இடத்தில் சாக்பீஸ் கோடு. செம்புச் சுத்தியலால் ஃப்ளைவீல் ஓரத்தில் ஒரு தட்டு. மறுபடி சுற்று. முள்ளின் ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் அடங்கும்வரை இதே வேலைதான். “பின்னைத் தள்ளிப் போடறது பெருசில்லைங்க தம்பி, அதை நேராக்கறதுதானுங்க வேலை” என்றார். 10,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் விநாடிக்கு 16.7 மீட்டர், 54-இல் 18 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சின்னக் கோணல்கூட பேரிங்கைத் தின்றுவிடும். இந்தப் பொறுமை உள்ள ஆள் உங்களுக்குக் கிடைத்திருந்தால் போர் 58, ஸ்ட்ரோக் 54 என்று கட்டலாம். 143 சி.சி. வரும், அருமையான எஞ்சின். கிடைக்காவிட்டால் வேண்டாம்.

அளவைத் தொடாமல் போர்ட்டிங் (போர்ட்டுகளைச் செதுக்குவது), எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் அகன்ற பந்தய சைலன்சர்) மட்டும் செய்கிறவர்களும் உண்டு. செலவு குறைவு, கற்றுக்கொள்ள நல்ல வழி. போட்டியில் சி.சி.யை வைத்துத்தான் வகுப்பு பிரிப்பார்கள் என்பதால், சின்ன வகுப்பில் ஓட நினைப்பவருக்கு இதுவே சரி. எதைக் கட்டுவதற்கு முன்பும் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

கட்டிய வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். சட்டத்தை விடுங்கள், பனைமரச் சாலையில் நெல் ஏற்றிய டிராக்டர் எந்த வரப்பிலிருந்து ஏறும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயர் தாங்கிய கரி ஸ்பீட்வே பந்தயத்தடம் இருக்கிறது. ஓட்டம் அறிவிக்கும் நாளுக்குக் காத்திருங்கள்.

காத்திருக்கும் நாளில் ஜெட்டிங்கை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் அளவை, சரி செய்யலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்த வண்டியையும் பிடித்து இழுக்கும். அந்த மாதங்களில் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் பாருங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மெயின் ஜெட்டும் ஒரு அளவு பெரிதாக வேண்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அடுத்த ஓட்டத்துக்கு முன் ஜெட்டை மாற்றியே ஆக வேண்டும்.