கிளித் தடியா, பாம்புத் தடியா?

முழங்கால் வலி வந்தபின் கைத்தடி தேடினேன். கிருஷ்ணகிரியில் பழைய சாமான் விற்பவரிடம் இரண்டு கிடைத்தன. இரண்டுமே கையால் செதுக்கிய பழைய தடிகள்.

அழகில் கிளித் தடிதான். மரத்தில் செதுக்கிய கிளித் தலை, கழுத்தில் பித்தளைப் பூண், கீழே நேரான கம்பு. மற்றது ஒரே மரம். வேர்முண்டே பிடி. பாம்பு ஒன்று சுற்றி ஏறிக் கட்டைவிரலுக்கு அடியில் படமெடுக்கிறது. யாரோ வருஷக்கணக்கில் பிடித்துப் பிடித்து அங்கே செதில் மழுங்கி, புளியங்கொட்டை மாதிரி பளபளக்கிறது. நான் வாங்கியது இதைத்தான்.

காரணம் ஒன்றே: கிளித் தடியின் கழுத்தில் இருக்கும் ஒட்டு. கோடையில் மண்வெட்டிக் காம்பு ஆட்டம் கண்டால் தண்ணீரில் ஊறப்போடுவோமே, அதே சங்கதி. நம்ம ஊர் சித்திரை வெயிலில் கம்பு காய்ந்து சுருங்கும். பித்தளை அப்படிச் சுருங்காது. மழைக்காலத்தில் மரம் ஊதி மறுபடி இறுகும், சரியாகிவிட்டது என்று நாமும் ஏமாறுவோம். சாய்ந்து நடக்கும்போது பாரம் முழுக்க அந்தக் கழுத்தில்தான். கடையிலேயே கொஞ்சம் அழுத்தினேன், கிரீச்சென்றது. “ரெண்டு சொட்டு பசை விட்டா நிக்கும் சார்” என்றார் கடைக்காரர். பழைய பசையைச் சுரண்டாமல் விட்ட புதுப் பசை மரத்தைப் பிடிக்காது. சுரண்டி ஒட்டினாலும் மரம் சுருங்கத்தான் செய்யும்.

பாம்புத் தடியிலும் குறை உண்டு. குண்டூசித் துளைகள் நாலைந்து. வெள்ளைத் தாள்மேல் தட்டிப் பார்த்தேன், மாவு உதிரவில்லை. பழைய பூச்சி அரிப்புதான் போல, இப்போது உள்ளே பூச்சி இல்லை. ரெண்டு மாதம் கழித்து இன்னொரு முறையும் தட்டிப் பார்த்தேன். நீளமும் ஓர் அங்குலம் அதிகம். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகைக்குத் தடி வர வேண்டும். வால் நுனிக்குக் கீழே இடம் இருந்ததால் அறுத்து ரப்பர் புஷ் மாட்டினேன். பழசு சேர்ப்பவர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். விற்றால் எது விலை போகும் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் வாங்கியதோடு சரி.

மான்கொம்புப் பிடியோடு மூன்றாவதாக ஒன்றும் காட்டினார். 1972 வன உயிர்ச் சட்டம் இருக்கிறது, தொடவே இல்லை.

வார்னிஷ் அடிக்கவில்லை, கைபட்ட மெருகு மறைந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியால் எப்போதாவது துடைப்பேன், அவ்வளவுதான்.

கிளி இன்னும் அந்தக் கடையில்தான் தொங்குகிறது. சுவரில் மாட்டுவதற்கு என்றால் தாராளமாக வாங்குங்கள்.