வருடத்துக்கு மூன்று இன்வைட்: அழைப்பு இருந்தால் மட்டும் சேரக்கூடிய ஆப்பில் மூன்று வருடம்

மன்னார்குடி நண்பர் போன வாரம் போன் செய்து, "அந்த ஆப்புல நீங்க இருக்கீங்களாமே, எப்படி இருக்கு? ஒரு இன்வைட் அனுப்புங்களேன்" என்று கேட்டார். போனில் சொல்லி முடியாது என்று எழுதுகிறேன். 2022 கடைசியில் சேர்ந்தேன். பெயரை வெளியில் போடமாட்டேன் என்று சேரும்போதே ஒப்புக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை. எழுதலாம், ரூம் என்று ஒரு குரல் அரட்டை திறந்து பலரும் பேசலாம், விளம்பரம் கிடையாது, உள்ளே இருப்பவர் கூப்பிட்டால்தான் சேர முடியும். இவ்வளவுதான்.

கூப்பிட்டால்தான் உள்ளே என்பது ஒன்றும் புதிதில்லை. 2004-ல் ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் வந்ததே அப்படித்தான். குரலில் பேசும் கிளப்ஹவுஸ் ஆப் 2021 மே மாதம் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது இன்வைட் கேட்டு அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஜூலையிலேயே கதவைத் திறந்துவிட்டார்கள். ட்விட்டர் மாதிரியான ப்ளூஸ்கையில் 2024 பிப்ரவரி வரை அழைப்புக் குறியீடு இருந்தால்தான் நுழைய முடிந்தது. அவர்கள் எல்லாரும் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள், பிறகு திறந்தார்கள். இது திறக்கவே போவதில்லை என்று சொல்லித்தான் நடத்துகிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டாக்காரர்களுக்கென்று ஒரு ரூம் இருக்கிறது, ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும். பாதிப் பேர் ஊரில், பாதிப் பேர் சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ. கெட்ட வார்த்தை இல்லை, கட்சிச் சண்டை இல்லை. உப்பு பூக்கும் என் கொல்லைக்குக் உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல் விதை கிடைக்குமா என்று ஒரு தடவை கேட்டேன். வேதாரண்யம் பக்கத்துக்காரர் ஒருவர் நான்கு கிலோ கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பினார், காசு வாங்கவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக நெல்லை எடுக்கமாட்டார்கள். மழை பிடித்துக்கொண்ட நாளில் யாரிடம் தார்ப்பாய் இருக்கிறது, எந்தக் களம் காலி என்று ரூமில் கேட்டால் அரை மணியில் பதில் வந்துவிடும்.

ஒரு ராத்திரியைச் சொல்லியே ஆகவேண்டும். 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிட்ட தண்ணீர் எங்களை எட்ட ஜூன் கடைசி ஆனது. அன்று மதகடியில், தண்ணீர் கட்டும் பெரியவரோடு நின்றிருந்தேன். கையில் போன், ரூம் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் பாய்ந்து வராது. சருகையும் குச்சியையும் தள்ளிக்கொண்டு, முன்னால் ஒரு விரல்கடை நுரையோடு, ஊர்ந்துதான் வரும். ஒரு வெடிப்பைக் கண்டால் நின்று, அதை நிரப்பிவிட்டு, அடுத்த வெடிப்புக்கு நகரும். உள்ளே இறங்கும்போது மட்டும் 'களக்' என்று ஒரு சத்தம். பெரியவர் போனை வாங்கிக் குந்தி உட்கார்ந்து தரையோடு தரையாகப் பிடித்தார். ரூமில் நூறு பேருக்கு மேல். ஒருவரும் மைக்கைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து துபாயிலிருந்து ஒரு பெண், "பெரியப்பா, இன்னும் கொஞ்சம் வச்சிருங்க" என்றார். அடுத்த வருடம் மேட்டூர் ஜூலை 28-ல்தான் திறந்தது, எங்களுக்குக் குறுவைப் பயிர் போயிற்று. அப்போதும் அந்தப் பெண் ரூமுக்கு வந்து அவரை விசாரித்தார்.

சரி, இப்போது அந்த இன்வைட்.

வருடத்துக்கு மூன்று. டிசம்பர் 31 தாண்டினால் மிச்சம் இருப்பதும் காலாவதி. எங்கள் பக்கம் அழைப்பு என்றால் என்ன என்று இதைச் செய்தவர்களுக்குத் தெரியாது. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளி வீட்டுக்கும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழோடு போய் நின்று பத்திரிகை வைத்துவிட்டுத்தான் வருவோம். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். கூப்பிடவில்லை என்ற சொல் மட்டும் வந்துவிடக்கூடாது. என் தங்கை கல்யாணத்தில் ஒரு வீடு விட்டுப்போய்விட்டது. பதினோரு வருடமாகிறது, அம்மா இன்னும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் மூன்றை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பேன், யாரை விடுவேன்? போன வருடம் தீபாவளியன்று பெரியப்பா மகன், "உன் சேக்காளிக்குக் குடுத்திருக்க, அண்ணன் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். "இந்த வருஷக் கணக்கு முடிஞ்சுடுச்சுண்ணே" என்றேன். உண்மைதான், ஆனால் என் காதுக்கே பொய் மாதிரி இருந்தது. ஊற்றி வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கூப்பிட்டவன் தலையில் எல்லாம் விடிகிறதே, அதுதான் இன்னும் ஆறவில்லை. நிரல் எழுதுபவர்கள் கூடும் லாப்ஸ்டர்ஸ் என்ற தளம் 2012-லிருந்து இருக்கிறது. யார் யாரைக் கூட்டிவந்தார்கள் என்ற கிளைப்படம் அங்கே எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ரூமில் பேச்சு சுத்தமாக இருப்பதும், ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் கூப்பிட்டவர் பெயர் இருப்பதால்தான். ஆனால் பெயர் தெரிவது வேறு, தண்டனை வேறு. 2025 மே மாதம் அக்கா மகனுக்கு ஒன்று கொடுத்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாக மனை விற்க மெசேஜ் போட்டான். அவனை நீக்கினார்கள், சரி. என்னையும் முப்பது நாள் முடக்கினார்கள். மூன்று தடவை எழுதிக் கேட்டேன், மூன்று தடவையும் "உங்கள் அழைப்புக்கு நீங்களே பொறுப்பு" என்ற ஒரே வரி.

அந்த முப்பது நாளுக்குள்தான் தண்ணீர் வந்தது. பெரியவர் மதகடியில் நின்றுகொண்டு, "தம்பி, போனைப் போடு, அந்த துபாய்ப் புள்ள கேக்கும்ல" என்றார். திறந்து காட்டினேன், பூட்டுப் படம் மட்டும் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரீசார்ஜ் பண்ணலையா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர் மதகைத் தாண்டிப் போய்விட்டது.

ஆக நண்பருக்கு என் பதில்: வேண்டாம், சேராதீர்கள். நான் இதுவரை இருந்ததிலேயே மரியாதையான இடம் அதுதான், அதிலும் சந்தேகமில்லை. இருந்தாலும் வேண்டாம். உங்களுக்கும் அண்ணன் தம்பி இருக்கிறார்கள்.

முடக்கத்தை எடுத்தபோது மிச்சமிருந்த இரண்டு இன்வைட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். இருந்த ஒன்றை நேற்று அனுப்பிவிட்டேன். பெரியவரிடம் பட்டன் போன்தான், அதனால் அவர் பேத்தி நம்பருக்கு. அண்ணனுக்குத் தெரிந்தால் கோபம் இன்னும் ஏறும், தெரிந்துதான் செய்தேன். மதகடியில் டவர் ஒரு கோடுதான் காட்டும், வேலிக்கருவை ஓரம் நின்றால் இரண்டு வரும் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.