பெட்டியில் 300 வோட்ஸ், ஸ்பீக்கருக்கு 36

றிப்பேருக்குப் போன அம்பிளிபயர் போன கிழமை வீடு வந்து சேர்ந்தது. அதோடு நண்பரின் கேள்வியும் வந்தது: "மச்சான், அது இப்ப விலை குறைஞ்சிருக்கு, நானும் எடுக்கட்டா? என்னட்ட இருக்கிற 4 ஓம் ஸ்பீக்கர் ரெண்டு சோடியையும் அதிலயே கொழுவலாமோ?"

பழுது பெரிதில்லை. உப்புவெளிக் கடற்காற்றுக்கு ஸ்பீக்கர் வயர் பூட்டுகிற இடம் பச்சை பிடித்து, வலப்பக்கம் கரகரவென்று விட்டு விட்டுக் கேட்டது. கடைத் தம்பி வயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, பூட்டும் முனைகளையும் மாற்றித் தந்தார். உள்ளே ஒன்றும் போகவில்லை. நாள் முழுக்க ஓடினாலும் கை வைக்கக்கூடிய சூடுதான். சத்தம் அவ்வளவு துப்புரவு: தவில் அடி நெஞ்சில் விழும், நாதஸ்வரம் எந்த உச்சத்துக்குப் போனாலும் கீச்சிடாது.

ஆனால் முகப்பிலுள்ள "300+300 வோட்ஸ்" கண்ணில் படும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கூட வந்த அடாப்டரில் 24 வோல்ட், 4.5 அம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 108. உள்ளே போவதே 108 வோட்ஸ் என்றால் வெளியே 600 எங்கிருந்து வரும்?

என்னுடையவை 8 ஓம் ஸ்பீக்கர்கள். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு; அது குறையக் குறைய ஸ்பீக்கர் கூட மின்சாரம் இழுக்கும். 24 வோல்ட்டில் ஓடும் இந்த வகை அம்ப், அலையின் தலை வெட்டுப்படாமல், அதாவது சத்தம் சிதையாமல், தரக்கூடிய உச்சத்தை யாரும் கணக்குப் பார்க்கலாம்: 24ஐ 24ஆல் பெருக்கி, 8இன் இரு மடங்கான 16ஆல் வகுக்க வேண்டும். பக்கத்துக்கு 36. நடைமுறையில் அதுவும் கொஞ்சம் குறையும். 4 ஓம் என்றால் கணக்கு 72 காட்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து 144ஐத் தொடர்ந்து கொடுக்க அந்த அடாப்டரால் ஏலாது.

36 காணுமா? தாராளமாகக் காணும். 1 வோட்டுக்கு 1 மீற்றரில் 90 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் என்றால் ஹோலில் பாட்டுக் கேட்க ஒன்றிரண்டு வோட்ஸே போதும். வோட்ஸ் இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 மடங்கு வோட்ஸ் வேண்டும். அப்படியிருக்க 36 என்றே அச்சடித்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? வீட்டு அம்பிளிபயர் தொடர்ந்து தரக்கூடிய வோட்ஸை விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1974இலேயே விதி வந்துவிட்டது. இங்கே 300ஐ நம்பி ஒரு பிள்ளை பிறந்தநாளுக்கு முற்றத்தில் வைத்து முழுக்கத் திருகினால், அலையின் தலை வெட்டுப்பட்டு முதலில் கருகுவது மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர். அந்தக் காசை யார் கொடுப்பது?

இனி ஸ்பீக்கர் விஷயம். ஒரே பக்கத்தில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைச் சமாந்தரமாகக் கொழுவினால் 2 ஓம் ஆகிவிடும். அம்பின் பின்னால் "4–8 ஓம்" என்று தெளிவாக இருக்கிறது. கொஞ்சம் கூட்டியவுடன் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் அடாப்டர் படுக்கும். பக்கத்துக்கு ஒன்று போடு, போதும்.

எடுக்கட்டா என்றால், எடுக்காதே. என்னுடையதை நான் விற்கவும் மாட்டேன், இன்னும் வருடக்கணக்கில் கேட்பேன். ஆனாலும் முகப்பில் பொய் எழுதின சாமானுக்கு என் வாயால் ஆள் பிடித்துக் கொடுக்க மனம் வரவில்லை. எத்தனை ஓமுக்கு எத்தனை வோட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) என்று போட்டதாகப் பார். முகப்பு இலக்கம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.